சாகியும் ஏ லெவலும்: லண்டனின் இரண்டு எந்திரங்கள்

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கல்வியின் தரத்தை உயர்த்துவது பற்றி இப்போது வரும் கட்டுரைகளைப் படித்தால், இந்த எண்ணமே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகுதான் பிறந்தது என்று தோன்றும். உண்மையில், கற்பவரைக் கவனித்து அவருக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் எந்திரம் ஒன்றை 1956-லேயே இங்கிலாந்தில் செய்துவிட்டார்கள். அதற்கு 64 ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டில், இதே நாட்டின் பதினெட்டு வயது மாணவர்களுடைய தேர்வு முடிவுகளை ஒரு கணக்கீட்டு முறை தீர்மானித்தது. நான்கே நாளில் அரசு அதைக் கைவிட நேர்ந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். முதல் எந்திரத்துக்குத் தன் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவரைத்தான் தெரியும். இரண்டாவதற்கு நாட்டின் எல்லாப் பள்ளிகளையும் தெரியும். ஒரு மாணவரையும் தெரியாது. நம் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் நுழைந்துகொண்டிருக்கும் மென்பொருள்கள் இவற்றில் எதன் வாரிசு என்பது, பிள்ளை பெற்ற எவரும் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

விரல்களை அறிந்த எந்திரம்

கார்டன் பாஸ்க் என்ற பெயரை கணினித் துறையில் இருப்பவர்களே அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1928-ல் டார்பி நகரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், நாடகத்திலும் இசையிலும் பித்துக் கொண்டவர். 1950-களில் தன் மனைவி எலிசபெத்துடனும் நண்பர் ராபின் மெக்கின்னன் வுட்டுடனும் சேர்ந்து 'சிஸ்டம் ரிசர்ச்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். தேம்ஸ் நதிக்கரையில், இன்று தென்மேற்கு லண்டனின் பகுதியாக இருக்கும் ரிச்மண்டில் அது இயங்கியது.

அவர்கள் முதலில் செய்தது பாடம் நடத்தும் கருவி அல்ல. 'மியூசிகலர்' என்ற அந்தக் கருவி, இசைக்கலைஞர் வாசிப்பதைக் கேட்டு அதற்கேற்ப மேடை விளக்குகளை மாற்றும். வாசிப்பவர் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வாசித்தால் அதற்குச் சலித்துவிடும்! விளக்குகள் அசையாமல் நின்றுவிடும். கலைஞர் புதிதாக எதையாவது முயன்றால்தான் மறுபடி உயிர் பெறும். நம் ஊர்க் கச்சேரிகளுக்கு இப்படியொன்று இருந்தால் தேவலை என்று சில சமயம் நினைத்ததுண்டு.

இந்தச் சலிப்பைத்தான் பாஸ்க் கல்விக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் தகவல்களை ஹாலரித் அட்டைகளில் துளைகளாகப் பதிந்து வைத்தார்கள். விசைப்பலகையைப் பார்க்காமல் வேகமாகவும் பிழையில்லாமலும் துளையிட ஆட்களைப் பழக்குவது நாள்பட்ட வேலை. 1956-ல் பாஸ்க்கும் மெக்கின்னன் வுட்டும் இதற்கென உருவாக்கிய கருவியின் பெயர் சாகி. 'தன்னைத்தானே தகவமைத்துக்கொள்ளும் விசைப்பலகை ஆசான்' என்று அதன் ஆங்கிலப் பெயரை விரிக்கலாம்.

அது வேலை செய்த விதம் எளிமையானது. பழகுபவரின் முன் எண்கள் தோன்றும். விசைப்பலகையைப் போலவே அமைந்த இன்னொரு பலகையில், எந்த விசையை அழுத்த வேண்டும் என்று ஒரு சிறு விளக்கு காட்டிக் கொடுக்கும். தொடக்கத்தில் எல்லா எண்களும் நிதானமாக, பிரகாசமான விளக்குடன் வரும். பழகுபவர் ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார், எதில் தவறுகிறார் என்பதைக் கருவி தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ளும். 3-ஐ எளிதாக அழுத்துகிறாரா? 3-க்கான விளக்கு மங்கும், அதற்கான அவகாசமும் குறையும். 7-இல் தடுமாறுகிறாரா? 7-க்கு மட்டும் வேகம் தணியும், விளக்கு மறுபடி பிரகாசமாகும். நாளடைவில் விளக்குகளே இல்லாமல் போகும். இடையில் பிழை செய்தால் கருவி ஒரு படி இறங்கி வரும், சரியாகச் செய்தால் ஒரு படி ஏறும். பழகுபவர் சலித்துப்போகவும் கூடாது, திணறவும் கூடாது. அந்த நடுக்கோட்டிலேயே அவரை வைத்திருப்பதுதான் அதன் வேலை.

இதில் டிஜிட்டல் கணினி கிடையாது, பெருந்தரவு கிடையாது. மின்சுற்றுகளால் ஆன ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இதில் வியப்பு அதன் எளிமைதான். பிழையை அது மதிப்பெண்ணாகப் பார்க்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்று தனக்குச் சொல்லும் தகவலாகப் பார்த்தது. ஸ்டாஃபோர்ட் பியர் 1959-ல் எழுதிய 'சைபர்னெடிக்ஸ் அண்ட் மேனேஜ்மென்ட்' நூலில் சாகியைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார்.

பாஸ்க் அதோடு நிற்கவில்லை. 1970-களில், கற்பது என்பதே ஓர் உரையாடல் என்று கோட்பாடு வகுத்தார். ஒருவருக்கு ஒன்று புரிந்துவிட்டதா என்று எப்படி அறிவது? கேள்விக்குச் சரியான விடை சொன்னால் போதாது. தான் கற்றதை, கற்பித்தவருக்கே அவர் திருப்பிக் கற்பித்துக் காட்ட வேண்டும் என்றார் அவர். (நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. அது ஆசிரியர் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடுதான். ஆனாலும் சட்டாம்பிள்ளைக்கு அதனால் பாடம் நன்றாகப் பதிந்திருக்கும்.) பாஸ்க் 1996-ல் லண்டனில் காலமானார். இந்தத் திருப்பிக் கற்பித்தலுக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

பள்ளியை அறிந்த எந்திரம்

இனி 2020. கொரோனா காரணமாக அவ்வாண்டு மார்ச் 18 அன்று இங்கிலாந்தில் கோடைக்காலத் தேர்வுகள் ரத்து செய்யப்பட்டன. ஏ லெவல் தேர்வு நம் பிளஸ் டூவைப் போன்றது. பல்கலைக்கழக இடம் அதை நம்பித்தான் இருக்கிறது. தேர்வு இல்லாமல் தரம் எப்படிக் கொடுப்பது? ஆசிரியர்களிடம் இரண்டு தகவல்கள் கேட்கப்பட்டன. ஒன்று, ஒவ்வொரு மாணவரும் தேர்வு எழுதியிருந்தால் என்ன தரம் பெற்றிருப்பார் என்ற கணிப்பு. மற்றொன்று, ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்களின் தரவரிசை.

ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாகத்தான் கணிப்பார்கள், தரங்கள் வீங்கிவிடும் என்று தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவால் அஞ்சியது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு அவர்கள் கண்ட மருந்துதான் கோளாறு. ஒரு பள்ளியில் ஒரு பாடத்தில் 2017 முதல் 2019 வரை எத்தனை விழுக்காட்டினர் எந்தெந்தத் தரம் பெற்றார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். 2020 மாணவர்களின் பழைய ஜி.சி.எஸ்.இ முடிவுகளைப் பார்த்து அந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினார்கள். பிறகு ஆசிரியர் கொடுத்த வரிசைப்படி மாணவர்களை அந்தப் பங்கீட்டுக்குள் மேலிருந்து கீழாக நிரப்பினார்கள். பெரிய வகுப்புகளில் ஆசிரியரின் கணிப்பு கணக்கிலேயே வரவில்லை; அவர் தந்த வரிசை மட்டும் வந்தது.

இதன் பொருள் என்னவென்று ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துப் பார்க்கலாம். அங்கே கடந்த மூன்றாண்டுகளில் இயற்பியலில் யாருமே ஏ நட்சத்திரம் வாங்கவில்லை. இந்த ஆண்டு அசாதாரணமான ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆசிரியர் அவளை வரிசையில் முதலாவதாக வைக்கிறார். ஆனால் நிரப்புவதற்கு அந்தப் பெட்டியே கிட்டத்தட்ட இல்லை. அவளுக்குக் கிடைப்பது, அந்தப் பள்ளியின் கடந்தகால முதல் மாணவருக்குக் கிடைத்தது. அதேபோல் அந்தப் பள்ளியில் முன்பு சிலர் தோல்வியடைந்திருந்தால், இந்த ஆண்டும் வரிசையின் கடைசியில் இருப்பவர் தோற்றாக வேண்டும், அவர் எவ்வளவு படித்திருந்தாலும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பாடத்தை ஐந்து பேர் அல்லது அதற்கும் குறைவானவர்கள் எடுத்திருந்தால் புள்ளிவிவரம் நம்பத்தக்கதல்ல என்று ஆசிரியரின் கணிப்பையே ஏற்றுக்கொண்டார்கள். ஏறத்தாழ பதினைந்து பேர் வரை இரண்டும் கலந்த கணக்கு. புள்ளியியல்படி இது சரியான முடிவுதான். ஆனால் ஐந்து பேர் உட்காரும் வகுப்பு யாரிடம் இருக்கிறது? கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிடம்தான். தனியார் பள்ளிகளில் ஏ, ஏ நட்சத்திரம் வாங்கியவர்களின் பங்கு முந்தைய ஆண்டைவிட 4.7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. அரசு காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளில் அதில் பாதிகூட உயரவில்லை. பெரிய வகுப்புகளை நடத்தும் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகள் அடிவாங்கின. யாரும் திட்டமிட்டு ஏழைகளுக்கு எதிராக ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள். சூத்திரத்தில் வர்க்கம் என்ற மாறியே கிடையாது. வகுப்பின் அளவு என்ற மாறி வழியாக அது உள்ளே வந்துவிட்டது. மென்பொருள் எழுதும் எவரும் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தன. ஆசிரியர் கணிப்புகளில் ஏறத்தாழ 39 விழுக்காடு கீழே இறக்கப்பட்டிருந்தன. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் மாணவர்கள் பதாகைகளோடு கூடினார்கள். கணக்கீட்டு முறையைத் திட்டி ஊர்வலம் போவதை உலகம் பார்த்தது அநேகமாக அதுவே முதல் முறை. ஸ்காட்லாந்தில் இதே கதை ஒரு வாரம் முன்பே நடந்து, ஆகஸ்ட் 11 அன்று அங்கே பின்வாங்கியிருந்தார்கள். இங்கிலாந்தில் ஆகஸ்ட் 17 அன்று அரசு பணிந்து, ஆசிரியர் கணிப்புக்கும் சூத்திரத்துக்கும் இடையே எது உயர்ந்ததோ அதையே தருவதாக அறிவித்தது. அந்த மாத இறுதியில் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஒரு பள்ளியில் பேசும்போது பழியை 'மியூட்டன்ட் அல்காரிதம்' மீது போட்டார். பாவம் அல்காரிதம்! சொன்னதைத்தான் அது செய்தது.

இந்தக் கதையில் எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. 1834 முதல் லண்டனில் இயங்கும் ராயல் புள்ளியியல் கழகம், தேர்வுகள் ரத்தானவுடனேயே உதவிக்கு வல்லுநர்கள் இருவரின் பெயரைக் கொடுத்தது. விவரங்களை வெளியிட மாட்டோம் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று ஆஃப்குவால் நிபந்தனை போட்டது. அந்த நிபந்தனையின் கடுமையைக் கழகம் ஏற்கவில்லை, உதவியும் நடக்கவில்லை. சூத்திரத்தின் முழு விவரம் 319 பக்க அறிக்கையாக முடிவு வந்த அன்றுதான் வெளியானது.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஒரு மூலையும் இதில் உண்டு. பள்ளியில் சேராமல் தனித்தேர்வராகப் பதிவு செய்தவர்களில் பலருக்கு அந்தக் கோடையில் தரமே கிடைக்கவில்லை. வரிசைப்படுத்த அவர்களை அறிந்த ஆசிரியர் தேர்வு மையத்தில் இல்லை என்பதே காரணம். வீட்டிலிருந்து படிப்பவர்கள், வாரக்கடைசி வகுப்புகளில் தாய்மொழி படித்துவிட்டு வேறொரு மையத்தில் தேர்வு எழுதுபவர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இது செயற்கை நுண்ணறிவு அல்ல, வெறும் புள்ளியியல் என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதில் கற்கும் எந்திரம் எதுவும் இல்லை. ஆனால் கூட்டத்தின் கடந்தகாலத்தைக் கொண்டு தனியொருவரின் எதிர்காலத்தைச் சொல்வதுதான் இன்றைய பெரும்பாலான கணிப்பு மென்பொருள்களும் செய்வது. எந்த மாணவர் இடைநிற்பார், யாருக்கு எந்தப் பாடப்பிரிவு பொருந்தும் என்று சொல்லும் நிரல்களைப் பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சூத்திரம் 319 பக்கத்தில்கூட எழுதப்பட்டிருக்காது.

எது பலன் தந்திருக்கிறது

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆசிரியரிடம் படிக்கும் சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படிக்கும் 98 விழுக்காட்டினரைவிட மேலே இருப்பார் என்றது அது. கல்வி மென்பொருள் விற்பவர்கள் அனைவரும் இன்றுவரை காட்டும் கட்டுரை இதுதான். பின்னால் வந்த ஆய்வுகள் இந்த அளவுக்குப் போகவில்லை. 2011-ல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மனித ஆசிரியரின் தனிப்பயிற்சியால் விளைந்த முன்னேற்றம் 0.79 திட்ட விலக்கம். வியப்பு என்னவென்றால், படிப்படியாக வழிநடத்தும் கணினி ஆசிரியர்களும் 0.76 அளவுக்கு வந்தன. அதாவது நல்ல மென்பொருள் சோடை போகவில்லை.

இந்தியாவிலிருந்து ஒரு சான்று. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியன் ஆகிய மூவர் டெல்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளைச் சோதித்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 619 மாணவர்கள், நாலரை மாதம். கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க முன்னேற்றம். காரணத்தைப் பாருங்கள். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பு ஆசிரியர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை நடத்திக்கொண்டிருந்தார். மென்பொருளோ ஒவ்வொருவரும் உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கிருந்து தொடங்கியது. சாகி 7-க்கு விளக்கைப் பிரகாசமாக்கியதும் இதுதான். அந்த மையங்களில் பாதி நேரம்தான் கணினி, மீதிப் பாதி சிறு குழுவாக ஒரு மனிதரோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்ச் சான்று துருக்கியிலிருந்து. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், சாட்ஜிபிடி போன்ற சாதாரண அரட்டை மென்பொருளைக் கொடுத்தபோது பயிற்சிக் கணக்குகளில் மதிப்பெண் 48 விழுக்காடு கூடியது. அதைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைந்தது. விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி மாற்றிய வடிவத்தில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை. விளக்கு மங்கவே மங்காத சாகியை நினைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் இப்போது என்ன நடக்கிறது? 2024 செப்டம்பரில் டவர் ஹில் பக்கம் உள்ள டேவிட் கேம் கல்லூரி, ஆசிரியர் இல்லாத வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கிச் செய்திகளில் அடிபட்டது. இருபது மாணவர்கள் கணினி முன் ஜி.சி.எஸ்.இ படிக்கிறார்கள், ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 27,000 பவுன் என்று அறிவிக்கப்பட்டது. கூடவே 'கற்றல் பயிற்றுநர்' என்ற பெயரில் மூன்று பெரியவர்கள். இருபது பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள் என்றால் எந்தப் பாடமுறையும் தேறிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது 'தேர்ட் ஸ்பேஸ் லேர்னிங்' என்ற லண்டன் நிறுவனம். பிரிட்டனின் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பட்டதாரிகளைக் கொண்டு இணையவழி தனிக் கணிதப் பயிற்சி அளித்து வளர்ந்த நிறுவனம் அது. காதில் ஹெட்ஃபோன், திரையில் இருவருக்கும் பொதுவான வெண்பலகை. அதன் பயிற்சியைக் கல்வி அறக்கட்டளையொன்று மதிப்பிட்டு 2016-ல் வெளியிட்ட அறிக்கை, தேர்வு முடிவுகளில் முன்னேற்றத்துக்குச் சான்று இல்லை என்றது. அதே காலத்தில் பதிவான வகுப்புகளை ஆராய்ந்து நல்ல கற்பித்தலின் அடையாளங்களைக் கண்டறிய லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களோடு அது கைகோத்தது. இன்று 'ஸ்கை' என்ற பெயரில் குரல்வழிப் பேசும் செயற்கை ஆசிரியரைப் பள்ளிகளுக்கு வழங்குகிறது. லண்டன் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்த குரல் நம் பக்கத்துக் குரலாக இருந்து, இப்போது எந்திரக் குரலாகிறது. பிள்ளைக்கு இது லாபமாகலாம். கணக்கு வழக்கு பார்க்கும்போது மறுகரையில் இருந்தவரின் பெயரும் அதில் ஒரு வரியாகவாவது இருக்கட்டும்.

தமிழ் படிக்கும் பிள்ளை

கணிதத்தை விட்டுத் தமிழுக்கு வந்தால் நிலைமை இன்னும் பின்னால் இருக்கிறது. யூனிகோடின் வழக்கமான யுடிஎஃப்-8 வடிவில் 'அம்மா' என்ற சொல் 15 பைட். ஆங்கிலத்தில் 'மதர்' 6 பைட். மொழி மாதிரிகள் உரையைத் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முழுத் துண்டாகவே போகும், தமிழ்ச் சொல் நொறுங்கும். பயிற்சிக்குக் கிடைத்த உரையும் குறைவு. இருப்பதும் பெரும்பாலும் எழுத்துத் தமிழ், அதிலும் செய்தித்தாள் தமிழ்.

லண்டனின் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பான்மையோர் ஈழத்தமிழ்க் குடும்பத்தினர். இந்த மென்பொருள்களில் சிலவற்றைச் சோதித்துப் பார்க்கையில் 'நான் அம்மம்மாவோட கதைச்சனான்' என்று எழுதினேன். பிழை திருத்தச் சொன்னதும் 'நான் பாட்டியுடன் பேசினேன்' என்று வந்தது. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கியதைக் குறை சொல்லவில்லை. 'கதைத்தேன்' என்று திருத்தியிருக்கலாம். 'அம்மம்மா' எப்படிப் பிழையாகும்? அந்தப் பிள்ளையின் வீட்டையே அது பிழையாகக் குறித்துவிட்டது. பிள்ளையைப் பார்க்காமல் கூட்டத்தின் பங்கீட்டைப் பார்க்கும் 2020-இன் புத்திதான் இதுவும்.

ஆகவே, இவற்றை ஆசிரியர் இருக்கையில் உட்கார வைக்காமல் மாணவர் இருக்கையில் உட்கார வைத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை. பாஸ்க் சொன்ன திருப்பிக் கற்பித்தல்தான். 'உனக்குத் தமிழ் தெரியாது. நான் உனக்குக் குற்றியலுகரம் சொல்லித் தருகிறேன். நான் சொன்னதை மட்டும் வைத்துக் கேள்வி கேள், விடை சொல்லாதே' என்று தொடங்கி, பிள்ளை பாடம் நடத்த, ஆசிரியை பக்கத்தில் நின்று கேட்கலாம். பிள்ளைக்கு எந்த இடத்தில் தெளிவில்லை என்பது ஆசிரியைக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மென்பொருளின் தமிழ் சுமாராக இருப்பதும் இதற்குத் தடையில்லை. நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. நான் முயன்றவரை, நான்காவது ஐந்தாவது கேள்விக்குள் அது மக்கு மாணவன் வேஷத்தை மறந்து, 'குற்றியலுகரம் ஆறு வகைப்படும்' என்று தானே ஆரம்பித்துவிடுகிறது. அப்போது பிள்ளை அதை அதட்டி உட்கார வைக்க வேண்டியிருக்கும்.